முழுப்பூசை

தென்மாவட்டங்களில் சில கத்தோலிக்கக் கோயில்களின் தரையைக் குனிந்து பார்த்தால் இன்னும் ஒரு வட்டம் தென்படும். மஞ்சள் பெயின்டில் போட்டது. நடுப்பகுதி நடமாட்டத்தில் தேய்ந்துபோய், ஓரம் மட்டும் பிறை மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். திருவிழாவுக்கு முன்னால் மண்ணெண்ணெய் விட்டுத் தேய்த்துக் கழுவியிருப்பார்கள். தூணடியில், துடைப்பம் எட்டாத இடத்தில் இருந்தது மட்டும் தப்பித்திருக்கும். 2020இல் கொரோனா ஊரடங்குக்குப் பின் கோயில்களைத் திறக்கலாம் என்று அரசு அனுமதித்தபோது ஆறடிக்கு ஒன்றாக அளந்து போட்டதில் மிச்சம் அது.

ரேஷன் கடை வாசலிலும் காய்கறிச் சந்தையிலும் அதே வட்டங்கள்தான் இருந்தன. அங்கே நிற்பதற்கு, இங்கே உட்காருவதற்கு. கிராமத்துக் கோயிலை அறிந்தவர்களுக்கு இது சின்ன மாற்றம் இல்லை. பழைய கோயில்களில் பெஞ்சு கிடையாது. இருந்தாலும் பின்னால் நாலு வரிசை. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், நடுவில் பாதை, எல்லோரும் தரையில். யாரும் பட்டா போட்டுக் கொடுத்ததில்லை, ஆனாலும் ஒவ்வொருவருக்கும் ஓர் இடம் உண்டு. மாதா சுரூபத்துக்கு நேரே ஒருத்தி, காற்றாடிக்கு அடியில் ஒருத்தி, கால் நீட்ட வசதியாகச் சுவரோரம் ஒருத்தி. பிரசங்கம் தொடங்கியதும் எழுந்து வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றுவிட்டு, விசுவாசப் பிரமாணத்துக்கு உள்ளே வரும் ஆண்களுக்கும் ஓர் இடம் இருந்தது, அது வேப்பமரத்தடி. வட்டம் வந்ததும் இந்தப் பட்டாக்கள் எல்லாம் செல்லாமல் போயின. கையில் சானிடைசர் பாட்டிலோடு வாசலில் நின்ற இளைஞர் மன்றத்துப் பையன்கள், "ஆச்சி, அந்த வட்டத்துல உட்காருங்க" என்றார்கள். நாற்பது வருஷமாக ஒரே தூணில் சாய்ந்து பூசை கண்ட ஆச்சிக்கு, அந்த வட்டத்தில் சாய ஒன்றும் இருக்கவில்லை.

'பூசை காண்பது' என்பதுதான் தமிழ்க் கத்தோலிக்கரின் பழைய வழக்கு. ஞாயிறுதோறும் முழுப்பூசை காணவேண்டும் என்பது திருச்சபைக் கட்டளைகளில் முதலாவதாகப் பிள்ளைகளுக்கு உருப்போட வைத்தது. 'முழு' என்பது சும்மா சேர்ந்ததில்லை. பிரசங்கம் முடியும் நேரம் பார்த்து வருவதும், நன்மை, அதாவது அப்பம், கொடுத்து முடித்ததும் நழுவுவதும் அரைப்பூசை. அது கணக்கில் சேராது. 'காண்பது' என்ற சொல்லிலும் உண்மை இருந்தது. 1960களில் இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு தமிழ் பீடத்துக்கு வரும்வரை, சாமியார் சனத்துக்கு முதுகைக் காட்டி நின்று லத்தீனில் பூசை வைப்பார். மக்கள் தம்பாட்டுக்கு ஜெபமாலை உருட்டிக்கொண்டிருப்பார்கள். மணி அடித்ததும் நிமிர்ந்து, அப்பம் உயர்வதைக் கண்ணால் காண்பார்கள். அந்தக் காட்சிதான் பூசை. சங்கத்துக்குப் பின் சொற்கள் மாறின. பூசை திருப்பலி ஆயிற்று, காண்பது பங்கேற்பது ஆயிற்று. பேச்சில் மட்டும் பழைய சொல் சாகவில்லை. "பூசை கண்டாச்சா?" என்று கேட்கும் பெரியவர்கள் இன்றும் உண்டு.

2020 மார்ச்சில், அறுபது வருஷத்தில் வழக்கொழிந்துகொண்டிருந்த அந்த வினைச்சொல் ஒரே வாரத்தில் எழுத்துக்கு எழுத்து உண்மையாயிற்று. எல்லோரும் பூசையைக் கண்டார்கள். கண்டார்கள், அவ்வளவுதான்.

மார்ச் 27, வெள்ளிக்கிழமை. இந்திய நேரம் இரவு பத்தரை. நாடு அடைபட்டு மூன்றாம் நாள். தொலைக்காட்சியில் உரோமை நகரம்: மழைத் தூறல், மங்கும் வெளிச்சம், ஓர் ஆள்கூட இல்லாத பேதுரு சதுக்கம். எண்பத்து மூன்று வயதுப் பாப்பரசர் பிரான்சிஸ் ஒற்றையாகப் படியேறி நடக்கிறார். பக்கத்தில் ஒரு மரச்சிலுவை. 1522இல் கொள்ளைநோய் வந்தபோது உரோமையின் தெருக்களில் சுமந்து செல்லப்பட்டது. அன்றைய வாசகம் மாற்கு நற்செய்தியில் புயலடிக்கும்போது இயேசு படகின் பின்பக்கம் தலை சாய்த்துத் தூங்கும் பகுதி. அதை உவமையாகக் கேட்டவர்கள் உலகமெங்கும் இருந்திருப்பார்கள். 2017 நவம்பர் 30இல் ஒக்கிப் புயல் அள்ளிக்கொண்டு போனவர்களின் பெயர்களைப் பூசைகளில் வாசித்துக்கொண்டிருந்த குமரிக் கரைக்கு அது உவமையாக இருந்திருக்க முடியாது.

அதன்பின் வந்த பெரிய வாரம் முழுவதும் மாதா தொலைக்காட்சியிலும் யூடியூபிலும் கழிந்தது. ஏப்ரல் 5 குருத்து ஞாயிறு; கையில் குருத்தோலை இல்லை. ஏப்ரல் 9 பெரிய வியாழன். பாதம் கழுவும் சடங்கை விட்டுவிட வேண்டும் என்று உரோமையிலிருந்து ஆணை வந்திருந்தது. ஏப்ரல் 10 பெரிய வெள்ளி. சிலுவையை முத்தி செய்வது, அதாவது முத்தமிடுவது, குருவுக்கு மட்டும் என்றது அதே ஆணை. வீடுகளில் டிவிக்கு முன்னால் பாய் விரித்து, பக்கத்து ஸ்டூலில் பாடுபட்ட சுரூபமும் மெழுகுவர்த்தியும் வைத்தார்கள். முழந்தாள் இட வேண்டிய இடத்தில் முழந்தாள் இட்டார்கள். குக்கர் விசில் அடித்தால் எழுந்து போனார்கள். கைப்பேசியில் பார்த்தவர்களுக்கு வாசகத்துக்கும் காணிக்கைக்கும் நடுவே சோப்பு விளம்பரம் வந்தது.

தொலைக்காட்சிப் பூசை இந்தக் கொள்ளைநோயின் கண்டுபிடிப்பு இல்லை. 1948இலேயே பாரிஸ் நோத்ர்தாம் பேராலயத்தின் கிறிஸ்துமஸ் நள்ளிரவுப் பூசையை ஒளிபரப்பியிருக்கிறார்கள். அதைக் கேள்வி கேட்டவர்களும் உண்டு. கார்ல் ரானர் என்ற பெரிய இறையியலாளர் 1953இல் எழுதிய கட்டுரையில், நம்பிக்கை கொண்டவர்கள் கூடி மறைவாகப் போற்றிக்காத்த ஒன்றைப் பார்ப்பவர் எவருக்கும் காட்டலாமா என்று தயங்கினார். 2020 ஏப்ரல் 17இல் தம் காலைப் பூசையில் பிரான்சிஸும் ஏறக்குறைய இதே கவலையைச் சொன்னார்: சனமில்லாமல், அப்பமில்லாமல், திரைவழியே மட்டும் நடப்பது திருச்சபை ஆகாது, இக்கட்டுக்காகத்தான் பொறுத்துக்கொள்கிறோம் என்று. சொன்னதோடு நிற்கவும் இல்லை. மே 18இல் இத்தாலியில் சனங்களோடு பூசை வைக்கலாம் என்றானதும், வத்திக்கானின் சாந்தா மார்த்தா இல்லத்திலிருந்து தினமும் நடந்த தம் காலைப் பூசையின் ஒளிபரப்பை அன்றோடு நிறுத்திக்கொண்டார்.

இதையெல்லாம் சொன்ன கையோடு இன்னொன்றும் சொல்லவேண்டும். பக்கவாதம் வந்து ஏழெட்டு வருஷமாகக் கட்டிலில் கிடப்பவர்களுக்கு, மாதத்துக்கு ஒருமுறை சாமியார் கொண்டுவரும் நன்மைதான் கோயிலோடு இருந்த ஒரே கொடுக்கல் வாங்கல். ஊரடங்கில்தான் அவர்களுடைய சொந்தக் கோயிலின் மணிச்சத்தமும் சொந்தச் சாமியாரின் தொண்டைக் கரகரப்பும் முதல்முறையாகக் கட்டிலுக்கு வந்தன. ஊருக்கெல்லாம் கதவு சாத்தியபோது அவர்களுக்குக் கதவு திறந்தது. கோயில் திறந்ததும் பல பங்குகளில் அந்தக் கேமராவைக் கழற்றிப் பெட்டியில் வைத்தார்கள். 'எல்லோரும் திரும்பிவிட்டோம்' என்ற அறிவிப்பில் இந்தக் கட்டில்காரர்கள் இல்லை.

மிலான் நகரத்தில் 1576இல் கொள்ளைநோய் வந்தபோது, பேராயர் சார்லஸ் பொரோமியோ தெருச் சந்திகளில் பீடங்களை அமைத்து அங்கே பூசை நடத்தினார். வீட்டைவிட்டு வரமுடியாதவர்கள் சன்னல் வழியே பார்த்துக்கொண்டார்கள். தமிழ்நாட்டுக் கத்தோலிக்கத் தெருவுக்குப் புதிதாக அமைக்க வேண்டியிருக்கவில்லை. குருசடி, கெபி போன்ற சின்னத் தெருக்கோயில்கள் முன்பே ரோட்டோரத்தில் இருந்தன. பெரிய கோயிலின் இரும்புக் கதவில் பூட்டுத் தொங்கிய மாதங்களில், பால் வாங்கப் போகிற சாக்கில் கெபி முன்னால் அரை நிமிஷம் நின்று, கம்பிக்குள் கைவிட்டு ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றிவிட்டுப் போவது போலீஸ்காரர் கண்ணிலும் குற்றமாகப் படவில்லை.

கோயில் திறப்புக்கான மத்திய சுகாதார அமைச்சகத்தின் விதிமுறைகள் 2020 ஜூன் 4இல் வந்தன. எல்லா மதத்துக்கும் பொதுவாக எழுதிய அந்தத் தாளை ஒரு கத்தோலிக்கர் வாசித்தால், தன் வீட்டை யாரோ உள்ளே வந்து பார்த்து எழுதிய மாதிரி இருக்கும். சுரூபங்களையும் மறைநூல்களையும் தொடக்கூடாது. தீர்த்தம் தெளிக்கக்கூடாது. பிரசாதம் வழங்கக்கூடாது. பாட்டுக் குழு கூடாது, பதிவுசெய்த பாட்டைப் போட்டுக்கொள்ளலாம். பொதுப்பாய் விரிக்கக்கூடாது, அவரவர் பாயை அவரவர் கொண்டுவர வேண்டும். அறுபத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்களும் பத்து வயதுக்குட்பட்டவர்களும் வீட்டில் இருப்பது நல்லது. விடியற்காலை ஐந்தரைப் பூசைக்கு வருகிறவர்களில் இந்த இரண்டு வகையையும் கழித்தால் மிஞ்சுவது கோயில்பிள்ளையும் இரண்டு சிஸ்டர்களும்தான்.

அந்தத் தாளில் இருந்த விலக்குகளில் எது வலித்தது என்று கேட்டால், தொடக்கூடாது என்பதுதான். ஏனென்றால் தமிழ்க் கத்தோலிக்க பக்தி கையால் ஆனது. வாசலில் தீர்த்தத் தொட்டியில் விரல் நனைத்து நெற்றியில் சிலுவை வரைவதில் தொடங்கும். மாதாவின் பாதத்தைத் தொட்டு அந்தக் கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். சுரூபம் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தால் கண்ணாடியைத் தொட்டு ஒற்றிக்கொள்வார்கள், அந்தக் கண்ணாடியில் கைபட்ட இடம் மட்டும் எண்ணெய்ப் பிசுக்கோடு மங்கியிருக்கும். அந்தோணியாருக்கு உப்பும் மிளகும் கொட்டுவது, வேளாங்கண்ணி மணலில் முழங்காலால் நகர்ந்து போவது, பிள்ளை வரம் கேட்டுத் தொட்டில் கட்டுவது என்று எல்லாமே கையும் காலும் செய்கிற வேலை. வாயால் சொல்கிற ஜெபம் அதற்குப் பின்னால்தான் வரும். இறையியல் படித்த சாமியார்களில் சிலருக்கு இதெல்லாம் கொஞ்சம் கூச்சம். 'பாமர பக்தி' என்று ஒரு பெயர் வைத்து ஓரமாக ஒதுக்கியிருந்தார்கள். கோயில் திறந்த பிறகுதான் தெரிந்தது, திரையில் கிடைக்காமல் போனது அந்தப் பாமர பாகம் மட்டும்தான் என்று. பிரசங்கம் திரையில் நன்றாகவே கேட்டது. சொல்லப்போனால், சத்தத்தைக் குறைத்துக்கொள்ளவும் முடிந்தது.

தீர்த்தத் தொட்டிகள் காய்ந்து கிடந்தன. ஆனாலும் உள்ளே நுழைகிற கை பழக்கத்தில் அங்கே போகும். காய்ந்த கல்லைத் தடவிவிட்டு நெற்றிக்கு வரும். பக்கத்திலேயே காலால் மிதித்தால் கொட்டும் சானிடைசர் ஸ்டாண்டு. அதை வாங்கிச் சிலுவை போட்டுக்கொண்டவர்களும் உண்டு என்று சாமியார்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

தமிழ்நாட்டில் இந்தத் திரும்புதல் ஒரு நாளில் நடந்துவிடவில்லை. ஜூன் 8இல் திறக்கலாம் என்று மத்திய அரசு சொன்னபோதும் மாநில அரசு திறக்கவில்லை. ஜூலையில் கிராமங்களிலுள்ள சிறிய வழிபாட்டிடங்கள் மட்டும் திறந்தன. ஆனால் ஜூலையிலும் ஆகஸ்டிலும் ஞாயிறுதோறும் முழு ஊரடங்கு. எல்லாக் கோயில்களுக்கும் செப்டம்பர் 1இல் கதவு திறந்தது. 2021 ஏப்ரல் 4 உயிர்த்த ஞாயிறு. மறுநாள் விட்டு அதற்கடுத்த நாள், ஏப்ரல் 6, சட்டமன்றத் தேர்தல். தேர்தல் கூட்டங்களில் தோளோடு தோள் உரசி நின்றவர்கள் பாஸ்கா பூசையில் வட்டத்துக்குள் உட்கார்ந்தார்கள். அந்த மாதம் 26இல் மறுபடி பூட்டு. ஜூலை 5இல் திறப்பு. ஆகஸ்டில் ஒரு புது ஏற்பாடு: வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் வழிபாட்டிடங்களுக்குள் பக்தர்களுக்கு அனுமதி இல்லை. அக்டோபர் நடுவில் அது நீங்கியது. 2022 ஜனவரியில் ஒமிக்ரான் வந்ததும் அதே மூன்று நாள் பூட்டு திரும்பி வந்து, மாதக் கடைசியில் போயிற்று.

2021 ஆகஸ்டு முதல் அக்டோபர் வரையிலான அந்த வாரங்களைத்தான் நின்று பார்க்கவேண்டும். கூட்டம் சேரும் நாட்களை மூடுவது அரசின் கணக்கு; ஆடி வெள்ளியும் புரட்டாசிச் சனியும் அதில் வரும், கணக்கு நியாயமானது. ஆனால் கத்தோலிக்கருக்கு அது விசித்திரமான பஞ்சாங்கத்தை உண்டாக்கியது. கடனாகக் கட்டளையிட்ட ஞாயிறு போயிற்று. திரு இருதய ஆண்டவருக்குரிய முதல் வெள்ளி போயிற்று. வேளாங்கண்ணியின் முதல் சனி போயிற்று. ஆகஸ்டு 15 மாதா விண்ணேற்புத் திருநாளும் அந்த ஆண்டு ஞாயிறாக அமைந்து, அதுவும் போயிற்று. எந்தக் கட்டளையும் இல்லாத செவ்வாய்க்கிழமை அந்தோணியார் நவநாளும், புதன்கிழமை சகாய மாதா நவநாளும், வியாழக்கிழமை குழந்தை இயேசுவும் மட்டும் தப்பினார்கள். ஞாயிற்றுக்கிழமை டிவி முன்னால் கடன் தீர்த்துவிட்டு, செவ்வாய்க்கிழமை பூவும் மெழுகுவர்த்தியுமாகக் கோயிலுக்கு வந்தவர்கள் எத்தனையோ பேர். ஞாயிறு கடமையிலிருந்து ஆயர்கள் ஏற்கெனவே விலக்கு அளித்திருந்தார்கள். சட்டப்படி யார்மீதும் குற்றமில்லை. பாவமென்று பயந்து வருகிறவர்கள் வராமல் இருக்கலாம் என்றானபோதும், அந்தோணியாரிடம் சொல்ல வேண்டியது இருந்தவர்கள் வந்தார்கள். மக்களைக் கோயிலுக்குத் திரும்ப அழைத்துவந்தது எது என்று குருக்கள் கூட்டங்களில் நிறையப் பேசப்பட்டது. அந்தப் பேச்சில் செவ்வாய்க்கிழமைக்குக் கிடைக்க வேண்டிய மரியாதை கிடைத்ததா என்பது சந்தேகம்.

திருவிழாக்களின் கதை வேறு. தூத்துக்குடி பனிமய மாதாவுக்கு ஜூலை 26 கொடியேற்றம். 2020இல் அது முழு ஊரடங்கு ஞாயிறு. வேளாங்கண்ணிக்கு ஆகஸ்டு 29 கொடியேற்றம், செப்டம்பர் 8 திருநாள். 2020, 2021 இரண்டு ஆண்டும் யாத்திரிகர் கூட்டம் இல்லாமல் கொடி ஏறி இறங்கியது. சென்னையிலிருந்து காவி உடுத்திக் கால்நடையாக வரும் கூட்டத்துக்குத் தடை. ஆரோக்கிய மாதா என்று பெயர் கொண்ட தாயின் வாசல், ஆரோக்கியத்தைக் காரணம் காட்டி மூடப்பட்டது. இதைச் சொல்லிச் சிரித்தவர்களும் உண்டு, அழுதவர்களும் உண்டு. 2022இல் கூட்டம் திரும்பியபோது கிழக்குக் கடற்கரைச் சாலை மறுபடி காவியாயிற்று.

ஒரு விஷயத்தில் மட்டும் தமிழ்ப் பங்குகளுக்குக் கஷ்டமே இருக்கவில்லை. மேலைநாட்டுக் கோயில்களில் சமாதானம் சொல்லும் நேரத்தில் கைகுலுக்குவது வழக்கம். அதை எதனால் ஈடுசெய்வது என்று முழங்கையை இடிப்பதும் தலையசைப்பதுமாக அவர்கள் தடுமாறினார்கள். இங்கே பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துக் கைகூப்புவதோடு முடிந்தது. இந்தக் கும்பிடு இந்தியத் திருப்பலிக்கு வந்தது 1969இல். தரையில் உட்காருவது, செருப்பைக் கழற்றுவது, கைகூப்பிச் சமாதானம் சொல்வது என்று பன்னிரண்டு மாற்றங்களுக்கு அந்த ஏப்ரலில் உரோமை அனுமதி தந்தது. 'இந்து மயம்' என்று அன்று அதை எதிர்த்துக் கூச்சலிட்டவர்கள் குறைவில்லை.

நன்மை வாங்குவதில் அந்தச் சுலபம் இல்லை. தலைமுறை தலைமுறையாக நாவில் வாங்கியவர்கள். அப்பத்தில் பல் படக்கூடாது, கை படவே கூடாது என்று புதுநன்மை வகுப்பில் கேட்டு வளர்ந்தவர்கள். 2020 செப்டம்பரில் சாமியார்கள் பூசைக்கு முன் மைக்கில் பாடம் நடத்தினார்கள்: வலது கைக்குமேல் இடது கை, உள்ளங்கையைக் குழித்து வையுங்கள், வாங்கி ஒரு பக்கமாக நகர்ந்து, மாஸ்க்கை இறக்கி அங்கேயே உட்கொள்ளுங்கள், கையில் கொண்டுபோகாதீர்கள். வயதான பெண்கள் வரிசையில் வந்து நின்றதும் கை முந்தானைக்குள்ளேயே இருக்கும். வாய்தான் திறக்கும், மாஸ்க்குக்குப் பின்னால். தலையில் முக்காடாகக் கிடக்கிற அதே முந்தானையை இழுத்து வாயையும் மூடியிருந்தவர்களுக்கு நிலைமை இன்னும் சிக்கல். கடைசியில் ஒரு கை நீளும், நடுங்கும். உள்ளங்கையில் விழுந்த அப்பத்தைப் பார்த்துக்கொண்டே சிலர் நின்றுவிடுவார்கள், பின்னால் வரிசை காத்திருக்கும். எழுபது வருஷமாக நாக்கில் கரைந்ததை இவ்வளவு கிட்டத்தில் முதல்முறையாகப் பார்க்கிறார்கள். உட்கொண்டபின் உள்ளங்கையையும் நக்கி, முந்தானையில் துடைக்காமல் தலைமயிரில் தடவிக்கொண்டு போவதும் உண்டு. துகள் ஏதாவது இருந்தால் மண்ணில் விழக்கூடாதாம். இத்தாலியில் திறந்த புதிதில் குருக்கள் கையுறை போட்டுத்தான் நன்மை கொடுக்கவேண்டும் என்று விதி இருந்தது. நல்லவேளையாக அது சில வாரங்களில் போயிற்று.

2021 பிப்ரவரி 17 சாம்பல் புதன். நெற்றியில் கட்டைவிரலால் சாம்பல் சிலுவை வரைவது இங்கே வழக்கம். அந்த ஆண்டு உரோமையின் குறிப்பு வேறாக இருந்தது: வாசகத்தை எல்லோருக்குமாக ஒருமுறை சொல்லிவிட்டு, கையைச் சுத்தம்செய்து, மாஸ்க் அணிந்து, தலையில் தூவ வேண்டும், பேசக்கூடாது. வெளியே வந்தவர்களின் நெற்றி வெறுமையாக இருந்தது. சாம்பல் தலையில் இருந்தது. நரைத்த தலையில் அது தெரியவில்லை.

பதிவேடுகளைப் பார்த்தால் இன்னொரு கதை கிடைக்கும். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். ஆட்சேபம் இருந்தால் தெரிவிக்கலாம் என்பதற்காக. ஆளில்லாத கோயிலில் யாருக்கு ஓலை வாசிப்பது? யூடியூபில் வாசித்தார்கள். துபாயிலிருந்தும் மஸ்கட்டிலிருந்தும் வாழ்த்து வந்தது. ஆட்சேபம் தெரிவிக்க உரிமையுள்ள ஊர்க்காரர்களில் பாதிப் பேர் இணைப்பு இல்லாதவர்கள். புதுநன்மைக்கு 2020இல் தைத்த வெள்ளைக் கவுன், 2021 கடைசியில் தங்கச்சிக்குப் போயிற்று. அக்காவுக்கு வேறு தைத்தார்கள்.

சாவுதான் எதற்கும் காத்திருக்கவில்லை. 2020 ஏப்ரலில் சென்னையில் தொற்றால் இறந்த மருத்துவர் ஒருவரின் உடலைக் கல்லறையில் அடக்க விடாமல் கூட்டம் கல்லெறிந்து விரட்டிய செய்தி, பங்குகளை உலுக்கியது. அந்த மாதமே, அடக்கத்தைத் தடுத்தால் மூன்றாண்டு வரை சிறை என்று மாநில அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. சட்டம் வந்தாலும் கோயில் மணி அடிக்க ஆளில்லை, பாட ஆளில்லை, தூக்க நாலு பேர் கிடைப்பதே பெரிதாக இருந்தது. கோயில் திறந்தபின் சாமியாரின் மேசையில் முதலில் குவிந்தவை பூசைக் கருத்துகள்: இன்னாரின் ஆன்ம இளைப்பாற்றிக்காக, முப்பதாம் நாள், நாற்பதாம் நாள், சில சமயம் ஓராண்டு நினைவே. ஒரு பூசைக்கு ஏழெட்டுப் பெயர். பிரசங்கத்தைக் கேட்காமல் வேப்பமரத்தடிக்குப் போகிறவர்களும் அந்தப் பெயர்கள் வாசித்து முடியும்வரை உள்ளே நின்றார்கள்.

கதவு திறந்தும் வராதவர்கள் உண்டு. முன்வரிசைப் பெரியவர்களில் சிலர் பயத்தில் வரவில்லை. பயம் போனபோது முழங்கால் போயிருந்தது. பாட்டுக் குழுவில் குரல் உடைகிற வயதில் இருந்த பையன்கள் இரண்டு வருஷத்தில் உடைந்த குரலோடு வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். சில கோயில்களில் கீபோர்டு வாசிக்கிறவர் மட்டும் திரும்பி வந்தார். ஊரடங்கில் பென் டிரைவில் போட்டுப் பழகிய பதிவுப் பாட்டு அங்கே நிரந்தரமாகத் தங்கிவிட்டது. இது பெரிய நஷ்டம். பிசிறடிக்கிற நாலு குரலுக்கு முன்னால் ஸ்டுடியோவில் பதிந்த குரல் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், அதோடு சேர்ந்து பாட யாருக்கும் வாய் வருவதில்லை.

பங்கு என்றால் பாகம் என்றும் பொருள். ஆளுக்கொரு வட்டம் போட்டுக் கொடுத்த அந்த மாதங்களில் அந்தப் பொருள் சற்று அதிகமாகவே உறைத்தது. வட்டங்கள் அழிந்தது யாரும் உத்தரவு போட்டு இல்லை. ஒரு ஞாயிறு, தாயின் வட்டத்தில் பிள்ளை வந்து உட்கார்ந்தது; அடுத்த ஞாயிறு பக்கத்து வீட்டுக்காரி. ஆச்சி தூணுக்குத் திரும்பிவிட்டாள். இளைஞர் மன்றத்துப் பையன்கள் ஒன்றும் சொல்லவில்லை.

2022 ஏப்ரல் 15, பெரிய வெள்ளி. இரண்டு ஆண்டு கழித்துச் சில கோயில்களில் சிலுவையை முத்தி செய்ய மக்களை மறுபடி அனுமதித்தார்கள். பீடத்தடியில் தலையணை வைத்துச் சாய்த்த சிலுவை. பக்கத்தில் வெள்ளைத் துணியோடு ஒரு பீடச் சிறுவன். ஒவ்வொருவரும் முத்தி செய்ததும் அந்த இடத்தைத் துடைக்க வேண்டியது அவன் வேலை. இது கொரோனாவுக்குப் பின் வந்த ஏற்பாடு இல்லை, எத்தனையோ காலமாக இருப்பதுதான். துணியில் கொஞ்சம் சானிடைசர் நனைத்திருந்தது மட்டும் புதுசு. ஆனால் இதைச் செய்து பழகிய பையன்கள் இந்த இரண்டு வருஷத்தில் அங்கியைக் கழற்றிவிட்டு வளர்ந்து போய்விட்டார்கள். இப்போது நிற்பவன் பத்து வயசுக்காரன், இந்தச் சடங்கை டிவியில் மட்டும் பார்த்தவன். அங்கே பாப்பரசர் ஒருவர்தான் முத்தி செய்தார், யாரும் துடைக்கவில்லை. முதல் ஆள் குனிந்து நிமிர்ந்து போனதும் அவன் துணியைப் பிடித்தபடி நின்றான். உபதேசியார் பின்னாலிருந்து வந்து, அவன் கையைப் பிடித்துப் பாதத்து ஆணிமேல் வைத்து, மேலிருந்து கீழாக ஒருதரம் துடைத்துக் காட்டினார். அடுத்தவள் முழந்தாள் இட்டுக் காத்திருந்தாள்.